பிறந்த தேதி இல்லாத நாற்பத்தொரு பேர்

மனமகிழ் மன்றத் தலைவர் ஆளவந்தாருக்கு எதிலும் அவசரம்தான். கம்ப்யூட்டர் பார்க்கிற செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள டேட்டாபேஸ் புது வெர்ஷனுக்கு மாறியாகணும்."

"மாத்திடலாம் சார். ஆனா பொறந்த தேதி இல்லாத மெம்பர்களுக்குப் பழசுல சைபர் போட்டிருக்கோம். புதுசு அதை ஏத்துக்காது. நாப்பத்தொரு பேர் இருக்காங்க."

"பொறந்த தேதியே தெரியாத கிழங்களுக்கு மெம்பர்ஷிப் எதுக்கு? தூக்கிடு!"

அந்தப் பெரியவர்களுக்குப் பொழுது போவதே மன்றத்துக் கேரம் பலகையில்தான். செண்பகவல்லி பழைய டேட்டாபேஸைத் தொடாமல், ஒரு நகலை மட்டும் புது வெர்ஷனுக்கு மாற்றிப் பார்த்தாள். அது ஏற்காமல் தள்ளிய பெயர்களை அச்சடித்து நீட்டினாள்.

"இவங்களை நீக்கச் சொல்லி ஒரு கையெழுத்து போடுங்க சார்."

பேனாவைத் திறந்தவர் முதல் பெயரிலேயே நின்றுவிட்டார். 'ஆளவந்தார், தலைவர்.'

"வயசைக் கேட்டப்பல்லாம் நீங்க சொல்லவே இல்லையே சார். இப்பச் சொன்னா ஏத்திடறேன்."

சாயம் பூசிய மீசையைத் தடவிக்கொண்டார். "வேற வழி இல்லையா?"

"சைபரை எடுத்துட்டுக் கட்டத்தைக் காலியா விட்டா ஒத்துக்கும். ஆனா விட்டா எல்லாருக்கும் விடணும்."

"எல்லாருக்கும் விட்டுடும்மா!"

சாயங்காலம் புது வெர்ஷன் சிக்கலில்லாமல் ஓடியது. நாற்பது பெரியவர்கள் நிம்மதியாகக் கேரம் ஆடினார்கள். நாற்பத்தோராவது கிழவர் மீசையைத் தடவியபடி வேடிக்கை பார்த்தார்.