தளவாய்க்கு ஓர் இலை

காலையிலிருந்து மாசானம் உட்காரவே இல்லை. மடத்து முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பூரணியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர்தான் குரு. சீடரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“நடந்துக்கிட்டேவா?”

“நின்னா கேக்க வராது.”

“சரி, நடந்தே கேளுங்க.”

“ஒரே நாள்ல ரெண்டு சாவு. ஒண்ணு சினிமா நடிகை. ஊரே கடையடைச்சு அழுதுச்சு. இன்னொண்ணு என் தம்பி. கபடிக்காரன். வேற ஊர் டீமுக்கு ஆடப் போன இடத்துல, களத்துலயே விழுந்து செத்தான். இங்க கொண்டுவர பஸ் ஓடல, வேன் கிடைக்கல. அங்கேயே எரிச்சிட்டுச் சாம்பலோட வந்தேன். போஸ்டராவது அடிப்போம்னு போனா, அச்சாபீஸ்ல மூணு நாளும் அந்தம்மா போஸ்டர்தான் ஓடுது. இன்னைக்கும் அவளுக்கு வருஷா வருஷம் பேனர், சாப்பாடு. அவனை நினைக்க ஒரு நாதி இல்ல. இது என்ன நியாயம்?”

“எத்தனை வருஷமாச்சு?”

“இன்னையோட பத்தொன்பது.”

“என்ன செய்யப் போறீங்க?”

மாசானம் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

“பிளேடு வச்சிருக்கேன். பேனரை நெட்டுவாக்குல கிழிக்கேனா இல்லையா பாருங்க.”

பூரணியம்மாள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க. எனக்குப் பசிக்கு.”

நாற்சந்தியில் பந்தல். மாலை போட்ட நடிகையின் படம். அதற்கு முன்னால் பந்தி நடந்துகொண்டிருந்தது. பூரணியம்மாள் போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மாசானம் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கண் பேனரிலேயே இருந்தது.

சாம்பார் வாளியோடு பால்துரை வந்தார். ரசிகர் மன்றத் தலைவர். மன்றம் தொடங்கியபோது வைத்த மீசை இப்போது நரைத்திருந்தது.

“பக்கத்துல இன்னொரு இலை போடுங்க,” என்றார் பூரணியம்மாள்.

“யாருக்கும்மா?”

“இவரு தம்பிக்கு.”

“பேரு?”

“தெரியாது. ஒன்பது வருஷமா மடத்துக்கு வாராரு. தம்பி, தம்பிம்பாரு. பேரு சொன்னதில்ல.”

பால்துரை திரும்பிப் பார்த்தார். மாசானத்தின் நடை நின்றது.

“தளவாய்,” என்றார்.

பால்துரை வாளியைத் தரையில் வைத்தார்.

“எந்தத் தளவாய்? கபடி தளவாயா? பாடிப் போறதுக்கு முன்னால இடது காதைத் தொட்டுக்கிடுவாரே?”

“அவன்தான்.”

“ரயில்வேல வேலை கிடைச்சு வடக்க போயிட்டாருன்னுல்லா நாங்க பேசிக்கிட்டோம். எப்ப அண்ணாச்சி?”

“பத்தொன்பது வருஷம் முந்தி. இதே நாள்.”

“சாம்பார்!” என்று வரிசையில் யாரோ கூப்பிட்டார்கள்.

“இருய்யா!” என்று கத்திவிட்டுப் பால்துரை மாசானத்திடம் திரும்பினார். “ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணாச்சி.”

“யாரும் கேக்கலையே.”

“போஸ்டர் பாத்தாத்தானே கேக்க வருவோம்? அவரு ஆட்டம் பாக்க இந்தம்மா படத்தையே பாதியில விட்டுட்டு ஓடியிருக்கேன்.”

பால்துரை தாமே போய் ஓர் இலையை எடுத்துவந்து விரித்தார். தண்ணீர் தெளித்தார்.

“படம் இருக்கா? இந்தம்மா படத்துக்குப் பக்கத்துல வைப்போம்.”

மாசானம் மடித்து வைத்திருந்த புகைப்படத்தை எடுத்து நீட்டினார். ஏழு ஆட்டக்காரர்கள் தோளில் கைபோட்டு நின்றார்கள். கடைசியில் நின்றவன் மட்டும் கேமராவைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

“குரூப் போட்டோல்லா. தனியா வெட்டி எடுக்கணும்.” பால்துரை ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பந்தியைப் பார்த்துக் கேட்டார். “ஏய், யாருட்டயாவது பிளேடு இருக்கா?”

மாசானம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இவருட்ட இருக்கு,” என்றார் பூரணியம்மாள், சோற்றைப் பிசைந்தபடி.