ஓலைக்குத் தடை சொன்ன மாப்பிள்ளை

சீர்வரிசைச் சண்டையில் நின்றுபோன கல்யாணம் உண்டு, ஜாதகச் சண்டையில் நின்றுபோன கல்யாணம் உண்டு. மாப்பிள்ளையே எழுந்து தடை சொன்ன கல்யாணத்தைக் கேட்டதுண்டா? கிருபைவிளைச் சபையில் நடந்தது. கதை முடிவில் ஒரு கேள்வி கேட்பேன், பதில் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

வேதக்கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். யாரும் வாயைத் திறப்பதில்லை. அன்று சபையின் குருவானவர் மனோவா ஐயர் முதல் ஓலை வாசித்தார். மாப்பிள்ளை ரூபன், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், முப்பது வயது. பெண், சபை மூப்பர் அருமைநாயகத்தின் மகள். ஐயர் தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தால் ரூபன் எழுந்து நிற்கிறான்.

"தடை இருக்கு ஐயா. என்கிட்டதான் இருக்கு."

ஆராதனை முடிந்து, கோவிலை ஒட்டிய அறையில் எல்லாவற்றையும் சொன்னான். "என் மனசு ஆம்பளைகிட்டதான் போகும். சின்னதுலேருந்தே அப்படித்தான். அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு ஆண்டவர் முன்னால பொய் சொல்ல என்னால முடியாது. அம்மா அழுதாளேன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தது என் தப்பு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லீதியாள் டீச்சர். முப்பது வருஷத்துக்கு முன் இதே கோவிலில் ரூபனைக் கையில் ஏந்தி, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் தாங்குவேன் என்று வாக்குக் கொடுத்த ஞானத்தாய். போன வருஷம் அதே இடத்தில் நின்று, சபை மன்றத்தின் தீர்மானங்களை உண்மையாய் அறிவிப்பேன் என்று வாக்குக் கொடுத்த செயலாளரும் அவரே. இரண்டு வாக்கும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது?

அந்த வாரமே முட்டிக்கொண்டன. அருமைநாயகம் மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ரூபன் மனந்திரும்பும்வரை அவனுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது, பழைய ஒழுங்குப்படி கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். ஐயரும் டீச்சரும் வேண்டாம் என்றார்கள், மற்ற ஏழு பேரும் கை தூக்கினார்கள். ஞாயிறு அதைச் சபைக்கு வாசிக்க வேண்டியது செயலாளர்.

"கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுல இருங்க டீச்சர்" என்றார்கள் சிலர்.

"நான் வாசிக்காட்டா வேற ஒருத்தன் வாசிப்பான். அவன் ருசிச்சு வாசிப்பான்" என்றார் டீச்சர்.

அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். பயல் மனம் கசந்து, கோவிலையும் ஆண்டவரையும் சேர்த்து ஒரேயடியாய் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு ரூபன் வீட்டுக்கே போனார்.

"ஏலே, ஊர் கேக்கதுக்கு முன்னால நீ இதை என் வாயால கேட்டுரு." தீர்மானத்தை வாசித்து முடித்தார். ரூபன் தாளை வாங்கி மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"நாளைக்கு வருவேன் பெரியம்மா. கடைசி பெஞ்சும் கோவிலுக்குள்ளதான இருக்கு?"

டீச்சருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. இவனை ஏந்திய கை இது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வீடு வந்தார்.

ஞாயிறு. ஒரு எழுத்து விடாமல், தடுமாறாமல் வாசித்தார். வாசித்து முடித்ததும் குறிப்பேட்டை மேசையில் வைத்தார். "செயலாளர் வேலை முடிஞ்சுது. இனி ஞானத்தாய் வேலை" என்று சொல்லிவிட்டு, நேராக நடந்துபோய் ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் ரூபன் பக்கத்தில் உட்கார்ந்தார். கிருபைவிளையில் ஆண்கள் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திருவிருந்துக்கும் எழவில்லை. "இவனைக் கூப்பிடுத அன்னைக்கு நானும் வாரேன்" என்றார்.

அப்போது மனோவா ஐயர் என்ன செய்தார் தெரியுமா? அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கே இறங்கி வந்து இரண்டு பேருக்கும் கொடுத்தார். "விருந்து ஆண்டவருடையது. நான் பரிமாறுதவன்" என்றார். அருமைநாயகம் அன்றைக்கே பேராயருக்கு எழுதிப் போட்டார், மே மாதம் ஐயருக்கு மலையடிவாரத்துச் சபைக்கு மாற்றல் வந்தது. சிரித்த முகத்தோடு போனார்.

அதோடு அருமைநாயகத்தை வில்லனாக்கிவிடாதீர்கள். அசனப் பண்டிகை வந்தது, ஊரே தரையில் வரிசையாய் உட்கார்ந்து சாப்பிடும் நாள். ரூபனுக்கு இலை போடக் கூடாது என்று சிலர் மறித்தார்கள். அருமைநாயகம் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "என் மகளை ஏமாத்தாத பய இவன். தீர்மானம் திருவிருந்துக்குத்தான், சோத்துக்கு இல்ல. போடுங்கடே இலையை!" அன்று மறித்தவர்களே அவனுக்குச் சாம்பார் ஊற்றினார்கள்.

ஐயர் தீர்மானத்தை மீறி அன்பு காட்டினார். அருமைநாயகம் தீர்மானத்தை விடாமல் அன்பு காட்டினார். டீச்சர் தீர்மானத்தைத் தன் வாயாலேயே வாசித்தார். சொல்லுங்கள், இவர்கள் மூவரில் யார் செய்தது சரி?

என் விடை இது. மூவருமே ஊர் பெருமைப்பட வேண்டிய மனிதர்கள்தான். ஆனால் ஐயர் அவனுக்காக மன்றத்தோடு மோதினார், அவன் இடம் கடைசி பெஞ்சாகவே இருந்தது. அருமைநாயகம் ஒருவேளைச் சோற்றுக்கு அவனோடு உட்கார்ந்தார், ஞாயிறு வந்ததும் முன் பெஞ்சுக்குப் போய்விட்டார். லீதியாள் டீச்சர் கொடுத்த வாக்கு இரண்டு, இரண்டையும் காப்பாற்றினார். வாசித்த தண்டனையில் பாதியைத் தானே வாங்கிக்கொண்டார். தீர்மானம் இன்னும் மாறவில்லை, அவரும் இன்னும் அந்த பெஞ்சை விட்டு எழவில்லை, ரூபனும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. டீச்சர் செய்ததே சரி. இல்லை என்பவர்கள் அவர்கள் பக்கத்தில் ஒரு ஞாயிறு உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.