வாசலுக்கு வாசல் ஒரு துறை

கருவேலங்காட்டு ஏரியின் நடுவே ஒரு தீவு. அந்தத் தீவில் ஒரு பெரிய நாவல் மரம். ஆடி பிறந்துவிட்டால் அதன் அடியில் பழம் உதிர்ந்து தரையே கறுத்துக் கிடக்கும். சங்கையா என்கிற நீர்நாய், தெற்குக் கரையில் இருந்த கல்துறையில் விலங்குகளைத் தெப்பத்தில் ஏற்றிப் போய், தீவின் கல்துறையில் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்.

வடக்குக் கரையில் முள்ளம்பன்றி வேலப்பன் குடியிருந்தான். அவன் மனைவி பவளத்துக்கு அப்போது மசக்கை. எதைத் தின்றாலும் குமட்டியது.

"ஏங்க, எனக்கு நாலு நாவப்பழம் மட்டும் கொண்டாந்து குடுங்க. அது ஒண்ணுதான் வயித்துல தங்கும்போல இருக்கு" என்றாள்.

வேலப்பனுக்கு மனைவி என்றால் உயிர். நடப்பது என்றால் மட்டும் வேப்பங்காய். தெற்குக் கரைக்குப் போக ஒரு காலைப் பொழுது பிடிக்கும். அவ்வளவு தூரம் நடந்து போய்த் தெப்பம் ஏறுவதா? வடகரைக்காரன் என்றால் அத்தனை இளக்காரமா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெற்குக் கரைக்கு நடந்தே போனான். வடகரையில் ஒரு துறை வேண்டும் என்று சங்கையாவிடம் சண்டை போட்டான். நடந்தே திரும்பினான். அவன் கண்ணெதிரே தெப்பம் தீவுக்குப் புறப்பட்டது. அவன் ஏறவில்லை. உரிமை கேட்க வந்தவன் பழத்துக்காக ஏறினால் கௌரவம் என்ன ஆவது?

இப்படி மூன்று தடவை போய்வந்தான். மூன்றாம் தடவை, துறை திறப்பு விழாவில் அவருக்கு மாலை மரியாதை உண்டு என்று சொல்லிவைத்தான். ஆசையில் சங்கையாவின் மீசை துடித்தது. ஆனாலும் துறை கட்டக் கல்லுக்கு எங்கே போவது என்று கேட்டார்.

"தீவுத் துறையிலிருந்து நாலு கல்லைப் பேத்துக்குவோம். அங்க இறங்கத்தானே போறோம்? குதிச்சாப் போச்சு!" என்றான் வேலப்பன்.

வடகரைத் துறை திறந்தது. தோரணம் கட்டினார்கள், மாலை போட்டார்கள், நரி வரவேற்புரை ஆற்றியது. அது முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் அன்று தெப்பம் போகவில்லை. மறுநாள் காட்டுப்பன்றி வந்து நின்றது. வேலப்பன் வாசலில் துறை இருக்கும்போது, அறுபது அடி தள்ளி இருக்கும் தன் வாசலில் ஏன் இல்லை? அடுத்தவன் துறையில் போய் ஏற, நாம் என்ன வக்கற்றா போய்விட்டோம் என்று கேட்டது. அதற்கும் ஒரு துறை வந்தது. பிறகு மானுக்கு, கரடிக்கு. பழத்தை மோந்துகூடப் பார்க்காத கீரி, பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்று ஒன்று வாங்கியது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு விழா, ஒவ்வொரு விழாவிலும் நரியின் அதே உரை. கல் தீவிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தெப்பத்துக்குக் கல் சுமக்கவே பொழுது சரியாக இருந்தது, யாரையும் ஏற்றிப் போகவில்லை. சங்கையாவின் கழுத்து மாலைக்குள் புதைந்தது.

பவளம் துரும்பாக இளைத்துப்போனாள். பழம் எங்கே என்று கேட்கவும் தெம்பில்லை. வேலப்பனோ, வாசலுக்கே துறை வந்துவிட்டது பார் என்று அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தான்.

ஆடிக் கடைசியில் ஒருவழியாகத் தெப்பம் கிளம்பியது. வேலப்பன் நாலே எட்டில் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்தான். பதினேழு துறைகளில் நின்று நின்று தெப்பம் தீவை நெருங்கியது. அங்கே துறை இருந்த இடத்தில் ஒரு கல்கூட மிச்சமில்லை. கரை முழுக்க உளைச்சேறு. அதற்கு அப்பால் பழம் கொட்டிக் கிடந்தது.

"குதிச்சாப் போச்சுன்னீங்களே, குதிங்க" என்றார் சங்கையா.

வேலப்பன் குதித்தான். கழுத்துவரை புதைந்தான். கரடி கையெல்லாம் முள் குத்த அவனை இழுத்துப் போட்டது. வேறு யாரும் குதிக்கத் துணியவில்லை. தெப்பம் வந்த வழியே திரும்பியது.

சேறு சொட்ட, வெறுங்கையோடு வந்து நின்றவனைப் பவளம் ஏற இறங்கப் பார்த்தாள். கல்லைத் திரும்பக் கொண்டுபோய் அடுக்குவதற்குள் பழமெல்லாம் அழுகிவிடும்; இனி அடுத்த ஆடிக்குத்தான் பழம். அதுவரை வயிற்றுப் பிள்ளை காத்திருக்காது.

"நான் பழந்தானே கேட்டேன்? துறையா கேட்டேன்? சண்டை போட நடந்த நடையில ஒருநாள் தெப்பம் ஏறியிருந்தா, என் வயிறு குளுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேலப்பனுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகையால் பழம் வரவில்லை.

ஏறுகிற சுகத்துக்காக இறங்குகிற இடத்தைப் பெயர்த்தெடுப்பவர்கள், எத்தனை துறை கட்டினாலும் எங்கும் போய்ச் சேரமாட்டார்கள்.