ஒரு திரை, இரண்டு கர்சர்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு நாற்பத்தேழு. குரு கோவில்பட்டியில், சீடர் திண்டுக்கல்லில். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

குருவின் பெயர் செண்பகவல்லி. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன கம்பெனி ஒன்றில் பத்து வருஷமாக, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். சீடர் இருதயராஜ், ஒரு பாலிடெக்னிக்கில் இருபது வருஷம் ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்டவர். கல்லூரியை மூடிவிட்டார்கள். அந்த வயதில் உட்கார்ந்து புரோகிராமிங் படித்து, இந்தக் கம்பெனியில் ஒரு மாதச் சோதனைக்குச் சேர்ந்திருந்தார். அந்த மாதம் இன்றோடு முடிகிறது. அவரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று செண்பகவல்லி மாலை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்பவேண்டும்.

இருவருக்கும் ஜோடி வேலை. இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு கணினிக்குள் இருவரும் ஒரே நேரத்தில் நுழைவார்கள். அதற்குப் பொது மெஷின் என்று பெயர். ஒரே திரை, ஆளுக்கொரு கர்சர். ஒருவர் தட்டத் தட்ட மற்றவர் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். பேச்சு என்னவோ இதுவரை செண்பகவல்லியுடையதாகவே இருந்தது.

இன்று காலை பத்து மணிக்கே இருதயராஜ் பேச்சைத் தொடங்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். அப்பாயின்ட்மென்ட் ஸ்கிரீன் என் லேப்டாப்புல நல்லா ஓடுது. பொது மெஷின்ல டாக்டர் பத்து மணிக்குப் பாக்குறார்னு போட்டா, விடியக்காலம் நாலரைன்னு காட்டுது. ரெண்டுல எதுங்க சரி?"

"உங்க லேப்டாப்புல எப்பண்ணே ஓட்டுனீங்க?"

"சும்மா... காலைல. ஒரு தடவை."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு திரையில் இருந்தவை ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் இருதயராஜின் கர்சரும் மறைந்தது.

"மேடம், மெஷின் போச்சு!"

"நான்தான் அழிச்சேன்."

"அய்யோ, எழுதுனதெல்லாம்?"

"எழுதுனது பத்திரமா இருக்கு. இடத்தைத்தான் இடிச்சேன். அது நான் என் வசதிக்குக் கட்டுனது. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுவோம். நீங்க தட்டுங்க. உங்க லேப்டாப்ப மூடி வச்சிருங்க. வீட்டுல வேற ஏதாச்சும் இருக்கா?"

"மக படிக்கறப்ப வாங்குனது ஒண்ணு கெடக்கு. அதுல 'ஏ' பட்டன் ஒட்டிக்கும் மேடம்."

"ஒட்டட்டும். கொண்டாங்க."

இருதயராஜ் மேஜையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். அதைப் பற்றிச் செண்பகவல்லிக்குத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, அன்றைய வேலையைத் தன் லேப்டாப்பில் தனியாகச் செய்து முடித்து, ஓட்டிப் பார்த்து, சரியானதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். பத்து மணிக்குப் பொது மெஷினுக்குள் வந்து, அப்போதுதான் யோசிப்பவர் போல நிறுத்தி நிறுத்தி அதைத் தட்டுவார். நடிப்பு மோசமில்லை.

மெஷினையே கட்டும் இந்த வேலைக்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

பழைய லேப்டாப் எழுந்து வரவே பத்து நிமிஷம் ஆனது. புதிய பொது மெஷின் திறந்தது. காலி. அதில் என்னென்ன போட வேண்டும் என்பதை ஒரு ஃபைலில் வரிசையாக எழுத வேண்டும். அதைப் படித்துத்தான் அந்தக் கணினி தன்னைத் தயார் செய்துகொள்ளும். அவர் முதல் வரியைத் தட்டினார். 'ஏ' ஒட்டிக்கொண்டு ஏழு முறை விழுந்தது. அழித்தார். மறுபடி தட்டினார். வேறொரு எழுத்து விட்டுப்போயிருந்தது. ஓட்டியதும் சிவப்பில் பிழை வந்தது. இன்னொன்று. அதற்கடுத்து ஒரு பக்கம் முழுக்கப் பிழை.

கை நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் இப்படி நின்றதில்லை.

"மேடம், ஒரு அரை மணி நேரம் டைம் குடுங்க. தனியாப் பாத்துட்டு வந்துடறேன்."

"எதுக்குத் தனியா?"

இருதயராஜ் நோட்டை மூடி ஓரமாகத் தள்ளினார்.

"அண்ணே, இந்த ஒரு மாசத்துல நீங்க எழுதுனத அழிக்க ஒரு தடவைகூட பேக்ஸ்பேஸ் தட்டல. எனக்குப் பத்து வருஷ சர்வீஸ். நான் நிமிஷத்துக்கு நாலு தடவை தட்டுறேன்."

இருதயராஜின் காது சுட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. ஆனால் குரலில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"காலேஜ்ல அப்படித்தான் பழக்கம் மேடம். நாளைக்கு என்ன சோதனையோ அத முந்தின நாள் சாயங்காலமே செஞ்சு பாத்துருவேன். பசங்க முன்னாடி ஒண்ணும் தப்பாகக் கூடாது. இருபது வருஷத்துல ஒரு நாள்கூட என் டேபிள்ல பல்பு எரியாம போனதில்ல."

"பசங்க டேபிள்ல?"

"அதெல்லாம் எரியாது. என்னயத்தான் கூப்பிடுவானுங்க."

செண்பகவல்லி சிரித்துவிட்டார். சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது போலிருந்தது. இருதயராஜுக்கும் வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குச் சரியாகப் புரியவில்லை.

"சரி, மூணாவது வரியப் பாருங்க. இது எனக்கும் தெரியல. தேடுவோம்."

எனக்கும் தெரியல என்று அவர் சொன்னதை இருதயராஜ் முதல்முறையாகக் கேட்டார். தேடினார்கள். செண்பகவல்லி சொன்னது ஒன்று தப்பானது, இருதயராஜ் சொன்னது ஒன்று சரியாக இருந்தது. சிவப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தது. மதியம் இரண்டு மணியாகியும் சாப்பாட்டை மறந்திருந்தார்கள். மூன்று மணிக்குப் பொது மெஷின் தயாராகி, அப்பாயின்ட்மென்ட் ஸ்கிரீன் திறந்தது.

டாக்டர் விடியக்காலம் நாலரைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"இது ஏன்னு பாக்கணுமே," என்றார் செண்பகவல்லி.

இருதயராஜுக்குத் தெரியும். காலையில் பிடிபடாதது இப்போது ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் இன்று மாலை எழுதப்போகும் கடிதம் என்ன ஆகும் என்பதும் தெரியும். மணி மூன்றேகால். சொல்லாமல் இருந்துவிட்டால், செண்பகவல்லியே தேடிக் கண்டுபிடித்துவிடலாம். தன்மேல் எதுவும் வராது. நாற்பத்தேழு வயதில் இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்?

"மேடம், இது எனக்கு வந்துச்சு."

"எப்ப?"

"சேர்ந்த ரெண்டாவது நாள். என் லேப்டாப்புல. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்னு நெனச்சேன். புரோகிராம் நம்ம நேரத்த எடுத்துக்கல, அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுதுன்னு அப்புறம் புரிஞ்சுது. ஒரே ஒரு வரி போட்டேன், சரியாப் போச்சு. உங்ககிட்ட சொல்லல. அந்த வரி என் லேப்டாப்புல மட்டும்தான் இருக்கு."

"ஒரு மாசமா?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"போடுங்க அந்த வரிய."

போட்டார். அதிலும் ஒரு 'ஏ' அதிகமாக விழுந்தது. அழித்தார். ஃபைலைச் சேமித்து மறுபடி ஓட்டினார். கணினி தன்னை முதலிலிருந்து தயார் செய்துகொண்டு திரையைத் திறந்தது.

டாக்டர் பத்து மணிக்கு வந்தார்.

"அப்பாடா!" என்று இருவருமே சொன்னார்கள். இருதயராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை இருக்குமா போகுமா என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு ஞாபகமில்லை. ஒரு மாதமாக முதுகில் தூக்கிக்கொண்டு திரிந்த எதையோ இறக்கி வைத்துவிட்டார், அந்த நிம்மதியே போதும் போலிருந்தது. எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

திரும்பி வந்தபோது பொது மெஷினில் புதிதாக ஒரு பக்கம் திறந்திருந்தது. இரண்டாவது கர்சர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பற்றிய கடிதம். செண்பகவல்லி மறைக்காமல் அவர் கண்முன்னாலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

'இருதயராஜை வேலையில் வைத்துக்கொள்ளலாம். நாளையிலிருந்து'

அதை அழித்தது கர்சர். மறுபடி எழுதியது.

'இருதயராஜை வைத்துக்கொள்ள வேண்டும். இனி அவர்தான் என் ஜோடி.'

கடிதம் போய்விட்டது. மணி நான்கு.

இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல வேளை, கேமரா அணைந்திருந்தது. ஆனாலும் ஒன்று அவருக்கு விளங்கவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"மேடம், நேத்து வரைக்கும் ஒரு தப்புகூட இல்லாமத்தான செஞ்சேன். இன்னைக்குத்தான் தொட்டதெல்லாம் தப்பு. ஒரு மாசமா மறைச்சதும் இன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. இத நேத்தே எழுதியிருக்கலாமே. இன்னைக்குப் போயி எழுதுறீங்க?"

"நேத்து வரைக்கும் நான் தனியாத்தானண்ணே உக்காந்திருந்தேன்," என்றார் செண்பகவல்லி.