மன்னர் கொடுத்த விதைக்கொள்ளு

முன்னொரு காலத்தில் கொள்ளம்பாடி நாட்டைக் கீர்த்திபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கொடுப்பதில் கர்ணன்தான். ஆனால் கொடுத்ததை யாராவது உற்றுப் பார்த்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆடி பிறந்தால் அரண்மனையிலிருந்து ஊருக்கொரு பானை விதைக்கொள்ளு போகும், வாயில் மஞ்சள் துணி கட்டி. ராஜா தந்ததைச் சோதிக்கலாமா? குடியானவர்கள் முகத்தை ஆகாசத்துக்குத் திருப்பிக்கொண்டு, பானைக்குள் கைவிட்டு அள்ளி விதைப்பார்கள். அந்த நாட்டு மரியாதை அப்படி!

சில வருஷமாகக் கூன்வண்டு பரவியது. காய்க்குள் இருந்த பருப்பைத் தின்றுவிட்டு ஓட்டையை மட்டும் மிச்சம் வைத்தது. மேய்ச்சல் காட்டுப் பயற்றங்கொடியையும் விடவில்லை. மாடுகள் மெலிந்தபோது யாருக்கும் தெரியவில்லை. பட்டத்துக் குதிரைக்கு விலா எலும்பு தெரிந்ததும்தான் அரண்மனைக்கு உறைத்தது.

பண்டகசாலை அதிகாரி மழவராயருக்கு மந்திரி சொக்கநம்பியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். மந்திரி பிறந்த ஊர் நரிமேடு.

"வண்டை வளர்த்துவிட்டதே நரிமேட்டுச் சோம்பேறிகள்தான், மகாராஜா," என்று வத்தி வைத்தார்.

"வண்டு குடியிருக்கும் இடத்தைக் கொளுத்துங்கள். நாளை நரிமேட்டில் ஒரு கூரை நிற்கக் கூடாது," என்றார் ராஜா.

சொக்கநம்பியின் அக்கா பொன்னாத்தா வீடு அங்கேதான். பதற்றத்தை அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"வண்டு எங்கே குடியிருந்தாலும் இதே ஆணைதானே, மகாராஜா?"

"அதிலென்ன சந்தேகம்?"

"தங்கமான ஆணை," என்று மழவராயர் முந்திக்கொண்டு தலையாட்டினார்.

"அப்படியே ஆகட்டும். அதற்குமுன் இந்த ஆடிக்கான நரிமேட்டுப் பானையைக் கொடுத்துவிடுவோம். தாங்கள் கொடை தவறியதாக நாலுபேர் பேசக் கூடாது பாருங்கள்," என்றார் மந்திரி.

பண்டகசாலையிலிருந்து பானை வந்தது. மந்திரி அதைச் சபை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். சூடு ஏறியது. துணி முடிச்சின் இடுக்கில் ஒரு வண்டு எட்டிப் பார்த்தது. பிறகு சொல்லவேண்டுமா, சுற்றமும் நட்பும் சூழக் கிளம்பிவிட்டன!

"என் பானையைத் திறந்தது யார்?" என்று ராஜா எழுந்தார்.

"யாரும் தொடவில்லை, மகாராஜா. குடியிருப்பவர்கள் தாங்களாகவே வெளியே வருகிறார்கள். தீப்பந்தத்தைப் பண்டகசாலைக்கு அனுப்பட்டுமா?"

ராஜாவுக்கு முகம் கறுத்தது. "மழவராயரே, பானையை நிரப்பும்போது நீர் பார்க்கவில்லையா?"

"தங்கள் கொடையை நான் எப்படிப் பார்ப்பேன், மகாராஜா? முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிரப்பினேன்."

ராஜா முற்றத்தில் ஊர்ந்த வண்டுகளைப் பார்த்தார். "ஊரூராக வண்டை அனுப்பியது நான்தானா?" என்று கேட்டுவிட்டு, வெட்கத்தோடு சிரித்தார். கொளுத்தும் ஆணை ரத்தானது. பண்டகசாலைக் கொள்ளு முழுவதையும் காயவைத்துப் புடைக்கும்படி மழவராயர் கையில் ஒரு முறம் கொடுக்கப்பட்டது.

"உமக்கு என்ன வேண்டும், மந்திரியாரே?"

"தாங்கள் கொடுப்பதைக் குடிகள் பார்த்து வாங்கும் உரிமை."

ஒரு கிராமத்தைக் கேட்டிருந்தால் ராஜா உடனே கொடுத்திருப்பார். இதற்குத்தான் யோசித்தார். யோசித்து, "சரி," என்றார்.

அடுத்த ஆடியில் ராஜாவே நரிமேட்டுக்குப் பானையோடு போனார். பொன்னாத்தா துணியை அவிழ்த்தாள், முறத்தில் கொட்டினாள், ஊதினாள், நிதானமாகத் துழாவினாள். ராஜா வெயிலில் காத்துநின்றார். சொத்தை ஒன்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "மத்ததெல்லாம் நல்லாயிருக்கு, மகாராஜா," என்று அவள் கும்பிட்டாள்.