பலகையைக் கழற்றிய நாள்

ஒரு நாடு. எந்த நாடு என்று கேட்காதீர்கள், கதைக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருந்த சென்னியப்பன், மழை விட்ட ஒரு பதினொரு மணிக்கு, லட்டு டப்பாவோடு அங்காத்தாள் அம்மாவின் ஆசிரமத்துக்கு ஓடி வந்தார்.

அவருக்கு வயது அறுபது. அம்மாவுக்கு நாற்பதுதான். இருந்தாலும் பத்து வருஷமாக அவர்தான் அம்மாவின் சீடர்.

வாசலில் ஒரு குழாய். அதன் மேலே ஒரு பலகை: 'காலைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்.' பத்து வருஷமாக முனகிக்கொண்டே கழுவியவர் அன்றைக்கு அங்கிருந்தே கத்தினார்.

"அம்மா! வெலகீட்டமுங்க!"

"எதுல இருந்துங்க?"

"புகையைக் கொறைக்கோணும்னு உலக நாடுகளெல்லாம் கையெழுத்துப் போட்டுச்சே, அந்த ஒப்பந்தத்துல இருந்துங்க! காத்தால அறிவிச்சுட்டாங்க. இனி எம்பட புகை, எம்பட இஷ்டம்!"

மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"போன வருசம் போட்ட கரண்டு உலையைக் கழட்டி விக்கறேன். பன்னெண்டு மணிக்கு லாரி வருது. மறுபடியும் கரி உலைதான். செலவு பாதி! நம்ம அறுவது ஆளுகளுக்கும் போனஸ் ரெட்டிப்பு!"

"அடேங்கப்பா! உங்க சரக்கெல்லாம் எங்கீங்க போகுது?"

"அத்தனையும் கடல் தாண்டித்தானுங்க."

"அந்த நாடுகளும் வெலகீருச்சுங்களா?"

"எங்கீங்க! அவிங்க இன்னும் அதுக்குள்ளயே கெடக்கறாங்க, பாவம்!"

அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றினார்.

"நாமளும் வெலகீட்டோம். அப்படியே வாங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சேற்றுக் காலோடு கூடம் முழுக்க நடந்தார். வேண்டுமென்றே இரண்டு சுற்று கூடுதலாக.

"சந்தோசங்களா?"

"இருக்காதுங்களா பின்ன? அரை நிமிசம் மிச்சமாச்சே!"

"அப்ப பக்கத்து வீட்டுப் பழனாத்தாளுக்கும் லட்டு குடுத்துட்டு வந்துருங்க."

போனார். பழனாத்தாள் விளக்குமாறோடு வாசலில் நின்றாள்.

"நில்லுங்க! காலைப் பாருங்க காலை! கழுவீட்டு ஏறுங்க."

"இல்லீங்க அம்மணி, ஆசிரமத்துல அந்தச் சட்டத்தை எடுத்தாச்சு. இப்பத்தான். என் கண்ணு முன்னால."

"அங்க எடுத்தா எனக்கென்னங்க? இது எம்பட வாசப்படி."

"லட்டு குடுக்கத்தானுங்க வந்தேன்!"

"லட்டு நல்லாத்தான் இருக்குது. காலுதான் நல்லால்ல."

உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள்.

"லாரித் தண்ணி. குடம் பதினஞ்சு ரூவா. குடுத்துட்டுக் கழுவுங்க."

"பதினஞ்சு ரூவாயா! அங்க நம்ம குழாயில சும்மா..."



ஒரு கால் படியில், ஒரு கால் சேற்றில். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். கூடத்தில் அம்மா குனிந்து அவருடைய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, மணி என்னங்க?"

"பன்னெண்டாகப் போகுது."

லட்டு டப்பாவைப் படியில் வைத்துவிட்டு போனை எடுத்துப் பட்டறைக்குப் போட்டார்.

"ஏப்பா, லாரி வந்துருச்சா? கழட்டாதீங்க! ஒரு போல்ட்டுலயும் கை வெக்காதீங்க! லாரியைத் திருப்பி அனுப்புங்க! கரிப் புகையோட போனா, வாங்கற நாட்டுக்காரங்க அவிங்க வாசல்ல காசு கட்டச் சொல்லுவாங்க!"

பழனாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏனுங்க, லட்டை இப்படி வெச்சுட்டு எங்க ஓடறீங்க?"

சென்னியப்பன் அதற்குள் ஆசிரமத்துக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"கழுவீட்டு வர்றனுங்க!"