எருமைகளை நடக்கவைத்த யானை

மலைக்கு இந்தப் பக்கம் யானைகளின் காடு. அந்தப் பக்கம் எருமைகளின் சதுப்பு. ஒரு கோடையில் சதுப்பு வற்றத் தொடங்கியது. கணவாய் தாண்டி ஏரிக்குப் போகும் வழி யானைத் தலைவி மாசாணிக்குத்தான் தெரியும். "எங்களைக் கூட்டிட்டுப் போங்கம்மா!" என்று எருமைகள் ஆள் அனுப்பிக் கெஞ்சின. மாசாணியும் மலை தாண்டி வந்தாள்.

வந்த கையோடு தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினாள். அவள் காட்டில் அந்த ஒரு பிளிறலுக்கு மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். இங்கே ஒரு வால்கூட ஆடவில்லை. எருமைகள் படுத்தபடி அசைபோட்டன. ஒன்று மட்டும் எழுந்தது, ஒரு திசையையே பார்த்து நின்றது, மறுபடி படுத்துக்கொண்டது.

"என்ன திமிர்! கூப்பிட்டதும் நீங்க, படுத்துக் கிடக்கிறதும் நீங்களா!" என்று மாசாணி ஓர் எருமையை முட்டித் தள்ளினாள். அவ்வளவுதான், அத்தனை கொம்புகளும் அவள் பக்கம் திரும்பின.

அந்த நேரம் செம்பி என்ற எருமையின் கன்று கால் மடங்கி விழுந்தது. அதன் நாக்கு வறண்டு வெளியே தள்ளியிருந்தது. 'எக்கேடோ கெட்டுப் போங்கள்' என்று திரும்பிவிட மாசாணிக்கு ஆசைதான். ஆனால் கன்றைப் பார்த்தபின் கால் நகரவில்லை. இதை ஏரியில் இறக்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவுகட்டினாள்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு செம்பியிடம் கேட்டாள்: "ஏம்மா, எழுந்து பார்த்துட்டுத் திரும்பப் படுக்கிறீங்களே, எதுக்கு?"

செம்பிக்கு ஒரே ஆச்சரியம். "இதுகூடத் தெரியாதா! போகணும்னு நினைக்கிற திசையைப் பார்த்து ஒவ்வொருத்தரா எழுந்து நிப்போம். நிறைய பேர் எந்தப் பக்கம் பார்க்கிறாங்களோ, அந்தப் பக்கம் எல்லாரும் போவோம். கத்தி விரட்டுறது புலிதான்! நீங்க எங்களோட ஒரு தடவைகூடப் படுத்து எழுந்திரிக்கலையே, உங்களை எப்படி நம்புறது?"

மாசாணிக்குச் சுருக்கென்றது. கூட்டத்துக்கு முன்னால் தலைவி படுப்பது அவள் குலத்தில் வழக்கமே இல்லை. இருந்தாலும் படுத்தாள்! அவ்வளவு பெரிய உடம்பைச் சேற்றில் சரித்தாள். பிறகு எழுந்து, கணவாயைப் பார்த்து அசையாமல் நின்றாள். மறுபடி படுத்தாள். மறுபடி எழுந்தாள். வெயில் ஏறியது, முழங்கால் வலித்தது. அவள் விடவில்லை.

செம்பி எழுந்து கணவாயைப் பார்த்தாள். அடுத்து ஒரு கிழட்டுக் கிடா. அப்புறம் நாலைந்து கன்றுத்தாய்கள். கடைசியில் கூட்டமே அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

இந்த முறை மாசாணி பிளிறவில்லை. கன்றைத் தும்பிக்கையால் தாங்கிக்கொண்டு நடந்தாள். எருமைகள் அத்தனையும் பின்னால் வந்தன. சாயங்காலம் கன்று ஏரியில் மூக்கு வரை இறங்கித் தண்ணீர் குடித்ததைப் பார்த்து மாசாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அயலாரை வழிநடத்த விரும்புகிறவர், முதலில் அவர்களுடைய வழக்கத்தைக் கேட்டறிந்து அதை மதித்து நடக்க வேண்டும்.